சுண்ணாம்புக் கோடு

பி.டி. சார் கோடு போட்டுக்கொண்டிருந்தார். விளையாட்டு விழாவுக்கு எடுக்கிற அதே ஓட்டை டின், அதே சுண்ணாம்புத் தூள், வேப்பமரத்தடியில் ஆரம்பித்துத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஒரே நேராக. மனுஷன் காலையில் பெல் அடிப்பதற்குள் ஒருநாளும் வந்து சேர்ந்ததில்லை, கோடு மட்டும் அப்படி ஒரு நேர்த்தி. எழிலரசி டீச்சர் மாடி வராந்தாவில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது, குடிக்கவும் தோன்றவில்லை, கொட்டவும் தோன்றவில்லை. காலையிலிருந்து நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பதினொன்றாம் வகுப்பில் ஒரு பையன் இன்னொருவன் கையில் கட்டியிருந்த கயிற்றின் நிறத்தைப் பார்த்துவிட்டுக் காம்பஸால் குத்தப் போய், விஷயம் பேப்பரில் வந்து, ஆசிரியர்கள் அத்தனை பேருக்கும் சாதிப் பாகுபாடு இல்லாமல் பள்ளிக்கூடம் நடத்துவது எப்படி என்று ஒருநாள் பயிற்சி கொடுங்கள் என்று மேலேயிருந்து உத்தரவு. சனிக்கிழமை போச்சே என்று எல்லோருக்கும் எரிச்சல். சென்னையிலிருந்து மிருதுளா மேடம் வந்திருந்தாள், சின்ன வயசு, கைத்தறிச் சேலை, குரலில் ஒரு பிரியம். திரையில் படம் போட்டுக் காட்டினாள், எல்லோரும் தலையாட்டினார்கள், நம்ம பள்ளிக்கூடத்தில் அதெல்லாம் கிடையாது மேடம் என்று தலைமையாசிரியர் சொன்னார், அதற்கும் எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுகிறவரைக்கும் எழிலரசிக்குப் பயமில்லை, அதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. டீக்கு விடும்போதுதான் மேடம் சொன்னாள். "அடுத்தது கீழே மைதானத்துல. எல்லாரும் கோட்டு மேல வரிசையா நிப்போம். நான் ஒவ்வொண்ணா சொல்லுவேன், உங்க வாழ்க்கைக்கு அது பொருந்தினா ஒரு அடி முன்னாடி, சிலதுக்கு ஒரு அடி பின்னாடி. கடைசியில யார் எங்க நிக்கிறோம்னு நாமளே பார்த்துக்கலாம்." யார் எங்கே நிற்கிறோம் என்று. அப்போது வாங்கிய டீதான் எழிலரசியின் கையில் இன்னும் இருந்தது.

அவள் நிற்கிற இடம் இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். குடியிருக்கிற வீடு போகும், வேலை போகும், சரி, போனால் போகட்டும், அது இல்லை விஷயம். பேச்சு வாய்க்கு வாய் தாவிக் கடைசியில் புருஷன் குருநாதனின் அண்ணன்மார் காதில் போய் விழும். குருநாதன் இந்த ஊர்க்காரர்களின் சாதிதான், பிறந்தது மட்டும் மேற்கே மலையடிவாரத்தில். அவளும் அதே ஊர், ஆனால் காலனி. நடுவில் ஒரு ஓடை, கோடையில் செருப்பு நனையாமல் தாண்டிவிடலாம். கல்யாணம் பண்ணிக்கொண்டு கட்டிய துணியோடு பஸ் ஏறி, ஊர் ஊராக மாறிக் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தபோது அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. குருநாதனைத்தான் கேட்டார்கள். எடுத்த எடுப்பில் நீ என்ன ஆளு என்று கேட்டுவிடமாட்டார்கள், அந்த நாகரிகமெல்லாம் உண்டு. குலசாமி எது தம்பி என்றார்கள். அவன் உள்ளதைச் சொன்னான், ஊரைவிட்டு வந்ததற்கு மட்டும் சொத்துத் தகராறு என்றான். அவ்வளவுதான், அவன் நம்ம பய ஆகிவிட்டான், அவள் நம்ம பிள்ளை ஆகிவிட்டாள். பள்ளிக்கூடமும் தனியார் பள்ளிக்கூடம், ஆள் சொல்லி வாங்கிய வேலை, சான்றிதழை யார் புரட்டிப் பார்த்தார்கள். பேரைக் கேட்டு எவனும் எதையும் மோப்பம் பிடித்துவிடக்கூடாது என்று பார்த்துப் பார்த்து அப்பா வைத்த பேர், எழிலரசி, அதுவும் கூட நின்றது. தான் யார் என்பதில் பொய் என்று ஒன்றுகூட அவள் சொன்னதில்லை. முதலில் அதை நினைத்து ஆறுதலாக இருந்தது. பிறகுதான் புரிந்தது, சொன்ன பொய்யையாவது ஞாபகம் வைத்துக்கொள்ளலாம், வாயைத் திறக்காமலே பொய்யாகிப் போனவள் எதை ஞாபகம் வைத்துக்கொள்வது, அதனால் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது, பேசுகிற பேச்சை, சிரிக்கிற சிரிப்பை, குழம்புக்கு என்ன போடுகிறோம் என்பதை, பிள்ளை நறுமுகை பாட்டி வீட்டைப் பற்றிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் என்ன சொல்கிறாள் என்பதை.

தொட்டிப் பக்கம் கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது போலிருக்கிறது, பி.டி. சார் காலால் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார். சுண்ணாம்பு காற்றில் கொஞ்சம் பறந்தது. அந்த வாசனை மாடி வரைக்கும் வராது, வந்த மாதிரி இருந்தது அவளுக்கு, அம்மா வீட்டுச் சுவரில் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு வாசனை. அந்தச் சுவரைத்தான் இடித்தார்கள். குருநாதனின் அண்ணன்மார் இரண்டு பேரும் கடப்பாரையோடு வந்து, ஒரு வார்த்தை கத்தாமல், வேலைக்கு வந்த ஆட்கள் மாதிரி நிதானமாக இடித்தார்களாம். மூத்தவரை அவள் சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கிறாள். தோட்டத்து வரப்பில் நின்றுகொண்டு இந்தா பிடிச்சுக்கோ என்று ஒரு கொய்யாப்பழத்தைத் தூக்கிப் போட்டவர். கையில் கொடுக்கவில்லை, தூக்கித்தான் போட்டார், அவள் பாவாடையை விரித்துப் பிடித்தாள், நல்ல இனிப்பு. அந்த மனுஷன்தான் சுவரை இடித்துவிட்டு அம்மாவிடம் சாவதானமாகச் சொல்லிவிட்டுப் போனார், தம்பிய ஒண்ணும் செய்யமாட்டோம், அவன் எங்க ரத்தம், அவளத்தான் தேடுறோம் என்று. அம்மா செத்ததற்கு அவள் போகவில்லை. போகக்கூடாது என்று அம்மாவே சொல்லிவைத்திருந்தாள். சுடுகாட்டுப் பாதையில் பைக்கை நிறுத்திக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்களாம், துக்கத்துக்கு வந்தவர்கள் மாதிரி, கடைசி ஆள் வீடு திரும்புகிறவரைக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வருவதில்லை, பாதம் சில்லிட்டுப் போகும். இப்போதும் அதுதான். செருப்புக்குள் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டாள்.

"ஏ பிள்ள, இன்னும் குடிக்கலியா. குடு இங்க, பச்சத்தண்ணி மாதிரி ஆயிட்டு," என்று சொர்ணம் டீச்சர் வந்து டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குத்தான் டீச்சர், எழிலரசிக்கு அக்கா. அவள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார்கள், இந்த வேலையும் அவள் சொல்லி வந்ததுதான். நறுமுகை வயிற்றில் இருந்தபோது பிறந்த வீட்டிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை, என்ன சனங்களோ என்று திட்டிக்கொண்டே வளைகாப்பு நடத்தியவள், பிரசவத்துக்குக் கூட நின்றவள், பத்தியக் குழம்பு வைத்து மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தவள். அந்தப் பிரியத்தில் கலப்படம் கிடையாது. அதுதான் கஷ்டமே. ஜெயசீலன் சார் போன வருஷம் இயற்பியலுக்குச் சேர்ந்தபோது மறைக்காமல் இன்ன ஊர், இன்ன காலனி என்று சொல்லிவிட்டார். மறுநாள் ஆசிரியர் அறைக்கு ஒரு கட்டுப் பேப்பர் கப் வந்துவிட்டது. சொர்ணம் அக்காதான் வாங்கிவந்தாள். சார் டவுன்ல படிச்சவரு, சுத்தம் பாப்பாரு என்றாள் சிரித்துக்கொண்டு. அன்றிலிருந்து அவருக்கு டீ அதில்தான், மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர். ஒருநாள் சளி பிடித்திருக்கிறது என்று சாக்குச் சொல்லி எழிலரசி ஒரு பேப்பர் கப்பை எடுத்தாள், ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. உனக்கு எதுக்குடி அது என்று சொர்ணம் அக்கா அதை அவள் கையிலிருந்து வாங்கி டீயை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, சேலைத் தலைப்பால் அடியைத் துடைத்துக் கொடுத்தாள். எவ்வளவு ஆதரவாகக் கொடுத்தாள். அந்த டம்ளரின் சூடு எழிலரசிக்கு இன்றைக்கும் உள்ளங்கையில் இருக்கிறது. இந்தக் கைதான் தெரிந்தால் என்ன செய்யும் என்று அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு நினைத்தாள், இப்போதும் அதையேதான் நினைக்கிறாள், தேய்ந்துபோன நினைப்பு, ஆனாலும் அந்த இடத்துக்கு வந்ததும் மனசு அதற்கு மேல் நகராது.

கீழே இறங்கினார்கள். வெயில் ஏறிவிட்டது. ஊருக்குள்ளிருந்து மேளம் சோதித்துப் பார்க்கிற சத்தம் விட்டுவிட்டு வந்தது, செவ்வாய்க்கிழமை அம்மன் கோயில் கொடைத் திருவிழா, தெருவெல்லாம் டியூப்லைட் கட்டிக்கொண்டிருந்தார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா. போனால் ஏன் போனாள் என்று வரும். கேள்விக்கெல்லாம் சும்மா எல்லோரும் செய்கிறதைச் செய்தால் என்ன, எட்டு வருஷமாகச் செய்வதுதானே, ஆனால் அது தன்னை யாரும் கேட்காதபோது, இது கேட்கும்போது. காலை எடுத்து முன்னால் வைத்தால் அது சொன்ன மாதிரிதானே, முதல் பொய் என்று ஒன்று உண்டானால் அது இந்த மைதானத்தில் வைக்கிற கால்தான். இப்படி நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது, உயிருக்குப் பயந்து ஓடிவந்தவளுக்கு இந்த நேரத்தில் யோக்கியத்தனம் வேண்டிக் கிடக்கிறது. மேடம் எல்லோரையும் கோட்டில் நிறுத்தினாள். "கை கோத்துக்கோங்க. முடிஞ்ச வரைக்கும் விடாதீங்க, நகரும்போது தூரம் ஆயிட்டா விட்டுடுங்க." ஆண் ஆசிரியர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரி கூச்சப்பட்டுச் சிரித்தார்கள். எழிலரசியின் இடது கையைச் சொர்ணம் அக்கா எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வலது பக்கம் நின்ற ஓவிய டீச்சர் பர்ஸும் போனும் வைத்திருந்ததால் சுண்டுவிரலை மட்டும் நீட்டினாள். வரிசையின் வேப்பமரக் கோடியில் ஜெயசீலன் சார் நின்றார். அவர் பக்கத்தில் பி.டி. சார், கை முழுக்கச் சுண்ணாம்பு என்று காட்டிவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அப்பா அம்மா ரெண்டு பேரும் பத்தாவது முடிச்சிருந்தா, ஒரு அடி முன்னாடி." ஒன்றிரண்டு பேர்தான் நகர்ந்தார்கள். சொர்ணம் அக்கா நகரவில்லை, எழிலரசியும் நகரவில்லை, அப்பாடா, இப்படியே போனால் பயமில்லை, படிக்காத அப்பாம்மா எல்லோருக்கும் உண்டு. "பள்ளிக்கூடத்துல படிக்கும்போது மத்த பிள்ளைங்க குடிச்ச அதே டம்ளர்ல தண்ணி குடிச்சிருந்தா, ஒரு அடி முன்னாடி." வரிசை மொத்தமும் அலட்சியமாக முன்னால் வந்தது, இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல, அந்த அசைவிலேயே அவளும் வந்துவிட்டாள், சொர்ணம் அக்காவின் கை இழுத்ததா அவளாக வந்தாளா என்று தெரியவில்லை. வந்த பிறகுதான் குடத்தடி ஞாபகம் வந்தது, ஆயா மேலேயிருந்து ஊற்றுவாள், இரண்டு கையையும் குவித்துப் பிடித்துக் குடிக்கவேண்டும், பாதி முழங்கை வழியாக வழிந்து சட்டையை நனைத்துவிடும், வகுப்பில் போய் உட்கார்ந்தால் நனைந்த சட்டையைப் பார்த்தே தெரியும் யார் யார் என்று. அவள் தாகத்தை அடக்கக் கற்றுக்கொண்டாள். இப்போதும் பள்ளிக்கூட நேரத்தில் அவள் தண்ணீர் குடிப்பதில்லை, பழக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஜெயசீலன் சார் கோட்டிலேயே நின்றார். வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி சாதாரணமாக நின்றார். ஒரு தரம் அவர், டீச்சர் பேச்சு மேற்கத்திப் பேச்சால்ல இருக்கு என்று கேட்டதும், வீட்டுக்காரருக்கு அங்கேதான் என்று அவள் அவசரமாகச் சொன்னதும், அவர் அதற்கு மேல் கேட்காமல் விட்டதும் ஞாபகம் வந்தது. தெரியுமோ. தெரிந்துதான் விட்டாரோ. அவள் அந்தப் பக்கம் பார்க்காமலிருக்கத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள்.

"அடுத்தது நம்ம ஊருக்குன்னே ஒரு கேள்வி," என்றாள் மேடம் சந்தோஷமாக. "நீங்க பிறந்த ஊர்ல, கோயில் கொடைக்கு, திருவிழாவுக்கு, உங்க வீட்டுல வரி வாங்கியிருந்தா ஒரு அடி முன்னாடி." சென்னைக்காரிக்கு இது ஏதோ பண விஷயம் மாதிரி தெரிந்திருக்கும். மைதானத்தில் நின்ற மற்ற எல்லோருக்கும் அது என்ன கேள்வி என்று தெரியும். குலசாமி கேட்பதைவிட நேரான கேள்வி. வரி கொடுப்பது செலவு இல்லை, வரி கேட்டு வீட்டு வாசலுக்கு வருவதுதான் மரியாதை; கேட்டு வந்தால் நீ ஊர், வராவிட்டால் நீ ஊர் இல்லை. அவள் பிறந்த ஊரில் ஓடைக்குக் காலனிப் பக்கம் கொட்டு அடிக்க ஆள் கூப்பிட வருவார்கள், வரிக்கு வரமாட்டார்கள். அப்பா ஒரு வருஷம் வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு தானாகவே கொண்டுபோனார், எங்க காலனி வரி என்று. கோயில் வாசலில் இருந்தவர்கள் திட்டவில்லை, அடிக்கவில்லை, சிரித்தார்கள், குடுக்க வேணாம்னா சந்தோசமா இருப்பியா, இதுக்குப் போயி என்றார்கள். அப்பா அந்தப் பணத்துக்கு வரும் வழியில் பிள்ளைகளுக்கு மிக்சர் வாங்கிவந்தார். அவர் சாப்பிடவில்லை. மிக்சர் பொட்டலத்தின் எண்ணெய்க் கறையை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது, அவள் கை மட்டும் முன்னால் போய் உடம்பு கோட்டுக்கும் வரிசைக்கும் நடுவில் நின்றது. "வா பிள்ள, என்ன மலைச்சுப் போயி நிக்க," என்று சொர்ணம் அக்கா இழுத்தாள். அவள் போனாள். அவள் கால்தான் போயிற்று, மண்ணில் செருப்பு உரசிய சத்தம்கூடக் கேட்டது.

"எப்படி இருக்கு கேள்வி? நான் குடுத்ததுதான்," என்றாள் சொர்ணம் அக்கா, தலையை அவள் பக்கம் சாய்த்து, மேடத்துக்குக் கேட்காத குரலில். "நேத்து நம்ம வீட்லதான மேடம் சாப்பிட்டாங்க. உங்க ஊருக்கு ஏத்த மாரி ஒண்ணு சொல்லுங்கன்னாங்க, சொன்னேன். வரின்னதும் ஞாபகம் வருது பாரு. உங்கிட்டச் சொல்லக்கூடாது, செவ்வாக்கிழமை தெரியட்டும்னுதான் இருந்தேன், எனக்கு வயித்துல நிக்க மாட்டேங்கு. கொடையன்னைக்கு விட்டுப்போன அண்ணன் தம்பி எல்லாம் ஒரே இலையில உக்காரணும்லா, அது எங்க ஊரு வழக்கம். உன் வீட்டுக்காரரு பாவம், சொத்துத் தகராறுன்னு ஒத்தையில கெடக்காரு, எத்தன வருசமா பாக்கேன். எங்க மருமவன் மேக்க ஒரு கல்யாணத்துக்குப் போனாம்லா, அந்தக் குலசாமி பேரச் சொல்லி விசாரிச்சு, அண்ணன்மாரு ரெண்டு பேரையும் கண்டுபிடிச்சிட்டான்." எழிலரசிக்கு மேளச் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது. "அவங்களுக்கு என்னா சந்தோசம். இத்தன வருசமா தேடுதோம், எங்க இருக்கான்னே தெரியலன்னு மூத்தவரு கண்ணு கலங்கிட்டாராம். உன் பேர அவராவே சொன்னாராம், எழிலரசியும் கூடத்தான இருக்குன்னு. தம்பிகிட்டச் சொல்லிராதீங்க, நாங்களே கொடைக்கு நேர்ல வந்து பாத்துக்கிடுதோம்னு சொல்லிருக்காங்க. வீட்டு அடையாளமெல்லாம் குடுத்தாச்சு. நீ ஒண்ணும் தெரியாத மாரி இரு, என்ன."

அவள் சரி என்பது போலத் தலையை ஆட்டினாள். தலை அதுபாட்டுக்கு ஆடியது. செவ்வாய்க்கிழமை. இன்றைக்குச் சனி. ராத்திரியே கிளம்பலாம், நறுமுகையின் பள்ளிக்கூடப் பை, அடுப்பு, எந்த ஊர், இனி எந்த ஊர், போனால் இந்த அக்காவே விடமாட்டாள், எங்கே போனார்கள் என்று பாசத்தோடு தேடுவாள், அந்த மருமகனை அனுப்பித் தேடுவாள், தேடிக் கண்டுபிடித்து அவர்களுக்கு இடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். நிறுத்தச் சொல்லவேண்டுமானால் அவளிடம்தான் சொல்லவேண்டும். வராதீங்க என்று அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடிய ஆளும் இவள் ஒருத்திதான், இந்த ஊரில் நாலு பேரை நிறுத்தி வாசலை மறிக்கக்கூடியவளும் இவள்தான், ஏன் என்று கேட்பாள், ஏன் என்று சொல்லவேண்டும், சொன்னால் மறிப்பாளா கதவைத் திறந்துவிடுவாளா, பத்தியக் குழம்பு வைத்த கை, பேப்பர் கப் வாங்கிவந்த கை, இரண்டும் ஒரே கைதான், அந்தக் கைதான் இப்போது தன் கையைப் பிடித்திருக்கிறது, வெயிலில் வேர்த்து, வளையல் மணிக்கட்டில் அழுத்தி. எழிலரசி கோட்டைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஜெயசீலன் சார் ஒருத்தர்தான் நின்றார். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கோபமாக இல்லை, எதையும் கேட்கிறமாதிரியும் இல்லை. எட்டு வருஷத்தில் முதல்தடவையாக அவளுக்கு ஒருவர்மேல் பொறாமையாக இருந்தது.

"கடைசியா ஒண்ணு," என்றாள் மேடம். இப்போது குரல் கொஞ்சம் தணிந்திருந்தது, பின்னால் ஒற்றையாக நின்றவரைப் பார்த்ததில் அவளுக்கும் ஏதோ ஆகியிருக்கவேண்டும். "இது கட்டாயம் இல்ல. இந்தப் பள்ளிக்கூடத்துல, கூட வேலை பாக்குறவங்ககிட்ட, நான் யாருங்கிற உண்மையச் சொல்லப் பயந்துக்கிட்டு இருக்கேன்னு தோணினா, ஒரு அடி பின்னாடி." யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. ஜெயசீலன் சாரும் அசையவில்லை, அவருக்கு என்ன, அவர் என்றைக்கோ சொல்லிவிட்டவர். எழிலரசி வேண்டாம் என்றுதான் நினைத்தாள். வீட்டில் போய்த் தனியாகச் சொல்லலாம், குருநாதனைக் கேட்டுக்கொண்டு சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வரிசையாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே கால் பின்னால் போய்விட்டது. ஒரு அடிதான். இந்தத் தடவை யாரும் இழுக்கவில்லை. கோத்த கை நீண்டு விறைப்பாக நின்றது. ஓவிய டீச்சரின் சுண்டுவிரல் எப்போதோ கழன்றிருந்தது. சொர்ணம் அக்கா திரும்பிப் பார்த்தாள், முகத்தில் அந்தப் பிரியம் அப்படியே இருந்தது.

"என்ன பிள்ள, கால் தடுக்கிட்டா?"

"இல்லக்கா."

சொர்ணம் அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவள் காலைப் பார்த்தாள், பிறகு வேப்பமரத்துப் பக்கம் நின்ற ஜெயசீலன் சாரைப் பார்த்தாள், மறுபடி அவள் முகத்துக்கு வந்தாள். ஊருக்குள் மேளம் திரும்ப ஆரம்பித்தது. அந்தக் கை இன்னும் அவள் கையை விடவில்லை, இறுக்கவும் இல்லை.